சாவி கீறிய கண்ணாடி

என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் கல்யாணம் பேசியபோது என் அத்தை இந்த வித்தியாசம் தெரியாமல், மாப்பிள்ளை வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். வந்து பார்த்தால் ஒரு கைக்கண்ணாடிகூட இல்லை. மனிதர் தலை சீவுவதே ஜன்னலைப் பார்த்துத்தான்.

ரொம்ப நிதானமான ஆள். எதைச் சொன்னாலும் "அளந்து பாக்கணும்" என்பார். சட்டைப் பையில் மடக்கு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் மகள் பிறந்தபோது நர்ஸ் வந்து எடையைச் சொன்னாள், இவர் நீளம் எவ்வளவு என்று கேட்டார். அவசரக்காரியான எனக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்தது, என்னைத் தண்டிக்கவா காப்பாற்றவா என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய வீட்டு ஜன்னல் எதுவும் நேர் சதுரமாக இருக்காது. ஒரே ஜன்னலில் ஆறு கண்ணாடி என்றால் ஆறும் ஆறு அளவு, ஒன்றுக்கொன்று ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம். மொத்தமாக வெட்டி எடுத்துப் போகும்போது எது எந்த இடத்துக்கு என்று குழம்பக்கூடாது. அதனால் ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையிலும் வைர முனையால் ஓர் அடையாளம் கீறிவிடுவார். எத்தனையாவது ஜன்னல் என்பதற்குக் கோடு, எத்தனையாவது கண்ணாடி என்பதற்குப் புள்ளி, எந்த வீடு என்பதற்கு ஒரு சின்னப் படம். பொருத்தி, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கிற பட்டியை ஓரத்தில் பூசியதும் அடையாளம் மறைந்துவிடும். பார்க்க ஒருவருக்கும் கிடைக்காத படத்தை இவ்வளவு அக்கறையாக வரைகிறாரே என்று நான் கேலி செய்வேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் வைத்த படம் சாவி. ஒரு வட்டம், அதற்கு ஒரு வால், வாலில் இரண்டு பல். மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மாவின் இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும், அதனால். போருக்கு முந்தின வருடம் ஒரு புயலில் மாடிக் கூடத்துக் கண்ணாடி முழுக்க உடைந்துபோய், இரண்டு ஜன்னலுக்கும் பன்னிரண்டு கண்ணாடி இவர்தான் போட்டுக் கொடுத்தார்.

கீழே நான்கு குடித்தனம். எங்களுக்கு ஓர் அறையும் சமையலறையும். முன்பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக, எங்கள் எல்லோருக்கும் அவர் 'அம்மா'. கணவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. நாலு வாடகைதான் அவருக்கு வருமானம். அந்த நாளில் அதுவே தாராளம். எங்கள் வாடகை என் வீட்டுக்காரரின் மாதச் சம்பாத்தியத்தில் பாதி. முதல் தேதி காலையில் மாடிப்படி ஏறும்போது எனக்குக் காலில் கல் கட்டினமாதிரி இருக்கும்.

பிறகு போர் வந்தது.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. குடியிருக்கிற வீட்டுக்கு வாடகையை ஒரு காசுகூட ஏற்றக்கூடாது, போர் முடிந்து இரண்டு வருடம் ஆகும்வரை. வாத்தியார் முற்றத்தில் நின்று பேப்பரைச் சத்தமாகப் படித்தார். நாங்கள் கை தட்டினோம். அம்மா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். நான் அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை.

இரண்டாவது வருடம் ரயில் யார்டில் குண்டு விழுந்தது. ஊரில் மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் அறை ஜன்னல் சுக்குநூறானது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் காட்டில் மழை. ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், கடைகள், பங்களாக்கள் என்று விடிந்தால் ஆள் வந்து நிற்கும். இளவயசுக்காரர்கள் பாதிப் பேர் போருக்குப் போய்விட்டார்கள், ஊரில் மிஞ்சின கண்ணாடிக்காரர்கள் இரண்டே பேர். இவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, அதனால் படையில் சேர்க்கவில்லை. கூலி இவர் கேட்டதில்லை, அவர்களே ஏற்றிக் கொடுத்தார்கள். எங்களுக்கு அரை மாத உழைப்பாக இருந்த வாடகையை அவர் ஒரே நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சம்பாதித்துவிடுவார். முதல் தேதி நான் மாடிப்படியில் துள்ளிக்கொண்டு ஏறினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ரொம்ப நன்றாக இருந்தது.

எல்லோருக்கும் அப்படி இல்லை. விலைவாசி யானை விலை குதிரை விலை ஆனபோது வாத்தியாருக்கு மட்டும் பழைய சம்பளமே வந்துகொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை விற்றுவிட்டு என்னிடம் மணி கேட்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவர் படித்து முடித்த பேப்பரை நாங்கள் வாங்கிக் கண்ணாடி சுற்றுவோம். இப்போது பேப்பர் வாங்குவது நாங்கள், படிக்க வருவது அவர். தெருமுனையில் தள்ளுவண்டியில் பழைய சாக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், ஊருக்கே மணல் மூட்டை போட்டுக் கொடுத்துக் கார் வாங்கினார். டிரைவர் வைத்துக்கொண்டார். கார் ஏறினாலும் தெருவுக்கு அவர் சாக்குக்காரர்தான். அவர் எங்கள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கிடங்காக மாற்றிவிட்டார்.

அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லையா என்று கேட்டால், ஒரு தடவை யோசித்தேன். ஆறு முட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே முட்டைக்கு உண்டான காசு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இனி உன் வாசலுக்கு வரமாட்டேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். என் சபதம் எல்லாம் அடுத்த முதல் தேதிவரைதான்.

எங்கள் சொந்த ஜன்னலில் ஒன்றரை வருடம் அட்டைதான் இருந்தது. புதுக் கண்ணாடி கிடைத்தால் வாடிக்கைக்காரர்களுக்கு, எங்களுக்கு அப்புறம் என்பார். நான் கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பழைய கண்ணாடி வாங்கி வந்தார். எங்கள் ஜன்னல் சின்னது, ஒரே கண்ணாடிதான்; இது அதைவிடக் கொஞ்சம் பெரிது, மேல் விளிம்பில் அரை விரல் வெட்டியதும் எங்களுக்குச் சரியாக இருந்தது. அடுத்த வீட்டு வேலையென்றால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பட்டியை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்த பிறகுதான் பொருத்துவார். சொந்த வேலைதானே என்று பழைய பட்டி மேலேயே புதுசைப் பூசி அழுத்திவிட்டார். இதற்குத்தான் அவரை நான் இன்றுவரை திட்டுகிறேன், கூடவே நன்றியும் சொல்கிறேன்.

அறைக்குள் வெளிச்சம் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ வேலையாகக் கீழே வந்த அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன். எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள், முற்றத்துச் செடி எல்லாம் தெரிகிறது, அட்டையை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை நாள் ஓட்டினோமோ என்று அளந்து தள்ளினேன். அம்மா பக்கத்தில் போய் நின்று பார்த்தார். ஒரு மூலையை விரலால் தொட்டார். "நல்லா இருக்கு. சோப்புத் தண்ணி போடாதே, மங்கிடும். பழைய பேப்பரைக் கசக்கித் துடை" என்றார். கண்ணாடிக்காரன் பெண்டாட்டிக்கே கண்ணாடி துடைக்கச் சொல்லித் தருகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

போர் முடிந்தது. குண்டுக்குப் பயந்து ஊரே ஜன்னலில் மாட்டியிருந்த கறுப்புத் துணியை எல்லோரும் கழற்றினார்கள். அம்மா மட்டும் கழற்றவில்லை. பாவம், பயம் இன்னும் தெளியவில்லை என்று பேசிக்கொண்டோம்.

அதற்கு அடுத்த வருடம் ஒருநாள் சாக்குக்காரரின் கார் எங்கள் வாசலில் நின்றது. மாடிக்குப் போனவர் அரைமணி நேரத்தில் இறங்கி, எங்கள் சமையலறைச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அம்மா படியில் நின்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். வீட்டை விற்கப்போவதாகவும், மாதக் கடைசியில் பதில் சொல்வதாகச் சொல்லியிருப்பதாகவும், வாங்குகிறவர் இருக்கவிட்டால் நாங்கள் இருக்கலாம் என்றும் சொன்னார். விடமாட்டார் என்பது தெரிந்த விஷயம். உங்களுக்கு எங்கே போவதாக உத்தேசம் என்று வாத்தியார் கேட்டதற்கு, ஏதாவது ஓர் அறை கிடைக்காமலா போகும் என்றார். நாற்பது வருடம் வாடகை வாங்கிய கை அவருடையது.

எனக்கு அப்போது வந்த யோசனையை மறைக்கப்போவதில்லை. ராத்திரிச் சாப்பாடு போடும்போதே கேட்டேன்.

"என்னங்க, சாக்குக்காரர் குடுக்கிறதுக்கு மேல கொஞ்சம் போட்டு நாமளே வாங்கிட்டா என்ன?"

கையில் பாதிப் பணம் இருந்தது, மீதியைப் புரட்டலாம். அவர் தட்டைப் பார்த்தபடி, "அளந்து பாக்கணும்" என்றார். அவர் அளந்துகொண்டிருந்த வாரத்தில் நான் மாடிக்குத் திரைத்துணி நிறம் எல்லாம் முடிவு செய்துவிட்டேன். வெளிர் மஞ்சள்.

அந்த வாரக் கடைசியில் அடைமழை. ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் கசிந்து மகளின் படுக்கை நனைந்தது. ஊர் ஜன்னலையெல்லாம் சரி செய்கிறவர் வீட்டில் ஒழுகுகிறது என்று நான் வாயை மூடாமல் இரைந்ததில், விடுமுறை நாள் காலையில் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுப் பட்டி வந்தது. அதற்குக் கீழே பழைய பட்டியும் வந்தது. பிறகு உளிச் சத்தம் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கண்ணுக்கு நேராக மூலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். ஒரு வட்டம், ஒரு வால், வாலில் இரண்டு பல். பக்கத்தில் ஒரு கோடு, ஐந்து புள்ளி.

"இது அம்மாவோடது" என்றார்.

இரண்டு பேரும் முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். மழை விட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாடிக் கூடத்தின் கறுப்புத் துணி உள்பக்கமாக உப்பி, திரும்ப வெளியே வந்து மரச்சட்டத்தில் ஒட்டியது. கண்ணாடி இருக்கிற ஜன்னலில் துணி வெளியே வராது. இரண்டு ஜன்னலிலும் வந்தது. பன்னிரண்டும் போயிருந்தது.

கிழக்கே பார்த்த ஜன்னல்கள் என்பதால் குண்டுக்குத் தப்பியவை அவை. கண்ணாடி விலை ஏற ஏற, அம்மா கத்தியால் பட்டியைப் பெயர்த்து, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் விற்றுச் சாப்பிட்டிருக்கிறார். யாரிடம் வாங்கியது என்று கடைக்காரர் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. மாடியில் இருந்த வெளிச்சம் இறங்கி எங்கள் அறைக்கு வந்துவிட்டது, நான் அதை அவரிடமே காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. வெளிர் மஞ்சள் திரைத்துணி ஞாபகம் வந்தபோது இன்னும் சுட்டது.

உடனே வாடகையைக் கூட்டிக் கொடுப்போம் என்று குதித்தேன். உத்தரவு இருக்கும்வரை ஒரு காசு கூடுதலாக வாங்கமாட்டார், முட்டை ஞாபகம் இல்லையா என்றார் இவர். உண்மைதான். கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தால் அதற்கும் காசு கொடுப்பார், அந்தக் காசுக்கு எதை விற்பாரோ. இரண்டு நாள் அவர் ஸ்கேலை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் சட்டையை மாற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினார். டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

வாடகையை அம்மா கதவருகிலேயே நின்று வாங்கிக்கொள்வார், அதனால் நான் உள்ளே வந்து வருடங்கள் ஆகியிருந்தன. கூடம் இருட்டாக, வெறுமையாக இருந்தது. இருந்த மேஜை, அலமாரி எதுவும் இல்லை. அம்மா ஒற்றை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் குறையவில்லை.

"கண்ணாடி வைக்க இடம் இல்லம்மா. சமையலறையில அடுக்கி வச்சிருக்கேன், போன மாசம் பாப்பா கால்ல கிழிச்சிருச்சு. இந்தக் கூடத்தை எனக்குப் பட்டறைக்கு விடுவீங்களா?"

"இரக்கப்பட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா. சுவரோரமா நிறுத்தினா பதினெட்டு ஷீட் நிக்கும். அளந்துட்டேன்."

எப்போது அளந்தாரோ எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். உத்தரவு குடியிருக்கிற வீட்டுக்குத்தான், பட்டறைக்கு இல்லை. பட்டறைக்கு இன்றைய வாடகை எதுவோ அதுதான். நாலு குடித்தன வாடகையையும் சேர்த்தால் வருவதைப்போல மூன்று மடங்கு தருகிறேன் என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தார். அப்படிச் சாய்ந்து நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"அஞ்சு மடங்கு."

"அம்மா, அவ்வளவு தாங்காது."

"கடைத்தெருவுல போய்க் கேட்டுப் பாருங்க. ஆறு சொல்வான்."

என் வீட்டுக்காரருக்கு உண்மையாகவே வேர்த்தது. கருணையோடு போன மனிதர் கழுத்தில் கத்தி வைத்தமாதிரி முழித்தார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றேன். நாலு மடங்கில் முடிந்தது, மூன்று மாத அட்வான்ஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது யார் செலவு என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"குடி வர்றவங்க செலவு" என்றார் அம்மா. டீயை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று என்னிடம் சொன்னார்.

மாதக் கடைசியில் சாக்குக்காரரின் கார் வந்தபோது மாடி ஜன்னல் இரண்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. அம்மா அதில் ஒன்றைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, வீடு விற்பதற்கில்லை, மேலே ஏறி வரவேண்டாம், படியில் கண்ணாடி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். சாக்குக்காரர் காருக்குள்ளிருந்தே அண்ணாந்து பார்த்தார். பிறகு, இவ்வளவு நன்றாகக் கண்ணாடி போடுகிறவர் யார், என் வீட்டுக்கும் ஆள் வேண்டும் என்று டிரைவரை விட்டு விசாரித்தார். என் வீட்டுக்காரர் அதையும் ஒப்புக்கொண்டார். கூலியில் அரைக் காசு குறைக்கவில்லை.

மிச்சம் இருந்தது எங்கள் ஜன்னல். பன்னிரண்டு புதுக் கண்ணாடி போட்டிருந்தாலும் அந்தப் பழையது அம்மாவுக்குத்தான் சேரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்குத் திரும்ப அட்டையே போதும். பழைய போர்வையில் சுற்றி இவர் தூக்கிக்கொள்ள, இரண்டு பேரும் ஏறினோம். அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இது என்னோடது இல்ல. வித்தாச்சு."

"சாவி போட்டிருக்கும்மா" என்றார் இவர்.

"சாவியெல்லாம் நான் பார்த்தேனா? இந்த மூலையில பாருங்க, ஒரு சின்னக் குமிழ் இருக்கு. காலையில வெயில் படுறப்போ தரையில பொட்டு மாதிரி விழும். அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"எப்போம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"நீதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினே."

"ஏம்மா அன்னிக்கு ஒண்ணும் சொல்லல?"

"சொன்னேனே. சோப்புத் தண்ணி போடாதே, பேப்பரால துடைன்னு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்கு அழுகை பிடிக்காது. பிள்ளைக்குக் குளிர் அடிக்கும், முதலில் போய் மாட்டுங்கள் என்று எங்களை விரட்டிவிட்டார்.

இப்போது வாடகை உத்தரவு நீங்கிவிட்டது, அம்மா எல்லோருக்கும் ஏற்றிவிட்டார். எனக்கு மறுபடி முதல் தேதி காலில் கல்தான், ஆனால் சின்னக் கல். வாத்தியாருக்குச் சம்பளம் உயர்ந்து, பேப்பர் அவர் வீட்டுக்கே வருகிறது, படித்து முடித்ததும் எங்களிடம் கொடுக்கிறார். என் வீட்டுக்காரர் மாடியில் வெட்டுகிறார், அளவு தப்பினால் அம்மா கண்டுபிடித்துவிடுகிறார். நாங்கள் அதே ஓர் அறையில்தான் இருக்கிறோம், எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எங்களுடையது மேற்கே பார்த்த ஜன்னல், அதனால் சாயங்காலம் எங்கள் தரையிலும் அந்தப் பொட்டு விழுகிறது. வாரம் ஒருதடவை பேப்பரைக் கசக்கி, குமிழ் இருக்கிற மூலையிலிருந்து துடைக்க ஆரம்பிப்பேன். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் காட்டியதில்லை.